மூடிய கண்ணின் நிறம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் இயக்குநர் அவர்களே, கருவிப் பிரிவிலும் வரைபடப் பிரிவிலும் என்னோடு குப்பை கொட்டும் தோழர்களே, மலைச்சரிவின் கீழ்ச் சந்துகளிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, முதல் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் நிறத்தக்காவின் கணவர், எங்கள் அத்தான் அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மூவருமே நிறத்தக்காவை ‘மறைந்தும் மறையாதவர்’ என்றார்கள். அழகான வார்த்தைதான். ஆனால் அக்கா இந்த அரங்கில் இருந்திருந்தால் மூவரையும் கையமர்த்தியிருப்பார். “இல்லாததை இல்லைன்னு காட்டுங்க. இருக்கிற மாதிரி வரையாதீங்க.” இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பிராணனை வாங்கியவர் அவர். அதனால் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். நிறத்தக்கா இறந்துவிட்டார். அவருடைய நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மேடைக்குப் பின்னால் பெரிய புகைப்படம் ஒன்று இருக்கும். இங்கே இல்லை. அம்மாவுக்குப் படம் பிடித்துக்கொள்வதே பிடிக்காது, அம்மா போட்ட படத்தைக் காட்டுங்கள் என்று மகள் சொல்லிவிட்டார். ஆகவே என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் பார்ப்பது மலைச்சரிவின் வரைபடம். பழையது அல்ல, இந்த நேரத்துப் படம். சரிவு நெடுகப் புதைத்திருக்கும் சென்சார்கள் மண் எவ்வளவு நகர்ந்தது என்று எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். திரை அவ்வப்போது ஒரு கணம் மங்கி, தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். வரைபட அறையில் இப்போது ஒருவரும் இல்லை. அக்காவுக்காக அத்தனை பேரும் இங்கே வந்துவிட்டோம். படமும் நம்முடனே இருக்கிறது, கண்காணிப்புக்குக் குறைவில்லை என்று இயக்குநர் அனுமதித்தார்.

நிறத்தக்கா அப்படி என்னதான் வேலை பார்த்தார்? வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். அவருடைய சொந்த நாத்தனாரே பல வருடம் அவரைச் சாயக் கம்பெனிக்காரி என்று நினைத்துக்கொண்டு, படுக்கையறைச் சுவருக்கு எந்த பெயிண்ட் நிற்கும் என்று கேட்டிருக்கிறார். அக்காவும் சளைக்காமல் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வேலை இதுதான். வரைபடம் போடும் மென்பொருளுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று நாம் சொல்ல வேண்டும். தொடக்கத்துக்கு ஒரு நிறம், முடிவுக்கு ஒரு நிறம், நடுவில் வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு. இடைவெளியை அது நிரப்பிக்கொள்ளும். இதற்கு நிறத்தட்டு என்று பெயர். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். நாங்கள் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தோம். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மிட்டாய்க் கடை போல ஒரு வரைபடம். வருகிற அதிகாரிகள் எல்லாம் ஆகா என்றார்கள்.

அந்த ஆகாவுக்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பது கீழ்ச் சந்துக்காரர்களுக்குத் தெரியும். செருப்புக்கடைச் சந்தின் மேல்பாதி ஒரு விடியலில் இறங்கி வந்தது. கடைக்காரரும் அவர் மனைவியும் வீட்டோடு போனார்கள். அன்று காலை எங்கள் வரைபடம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த இடம் முழுக்க இளநீலம். இளநீலம் என்றால் அசைவே இல்லை என்று பொருள். மண் நகர்ந்த வேகத்தில் சென்சார்கள் அறுந்துபோயின. எண் வரவில்லை. எண் வராத இடத்துக்கு எந்த நிறம் என்று மென்பொருளுக்கு யாருமே சொல்லி வைக்கவில்லை. அது இருப்பதிலேயே கீழான நிறத்தை எடுத்துப் பூசிவிட்டது. சரிவு பேச்சை நிறுத்தியிருந்தது. நாம் அதை அமைதி என்று படித்தோம்.

அன்று முதல் நிறத்தக்கா வேறு ஆளாகிவிட்டார். மிட்டாய் நிறங்களைத் தூக்கி எறிந்தார். பழைய காகித நிறத்தில் தொடங்கி, செங்கல் வழியாக, உறைந்த ரத்தத்தில் முடியும் தட்டு ஒன்றை வைத்தார். ஒவ்வொரு படியும் அடுத்த படியிலிருந்து ஒரே அளவு விலகி நிற்க வேண்டும் என்று ஒரு மாமாங்கம் உட்கார்ந்து திருத்தினார். “ஏன்க்கா, கண்ணு போயிடும், விடுங்க” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

இயக்குநர் அனுமதியோடு ஒன்று சொல்கிறேன். நம் இயக்குநருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. பதவிக்கு வந்த பிறகும் அதை வெளியில் சொல்லாமல், கூட்டங்களில் யாராவது தலையாட்டினால் தானும் ஆட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அக்கா கண்டுபிடித்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் வந்த நிறத்தட்டில் இயக்குநருக்கு எல்லாப் படியும் பிரிந்து தெரிந்தது. அவர் அக்காவின் மேசைக்குப் போய் நன்றி சொன்னாராம். “எதுக்கு சார்? ஜெராக்ஸ் எடுத்தா நல்லா வரணும்னு மாத்தினேன்” என்றாராம் அக்கா. இயக்குநர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அழுதால் எங்களுக்குத் தாங்காது.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி.

எண் வராத இடத்துக்கு ஒரு நிறம் வேண்டும். அது எது? வெள்ளை என்றால் காகிதம். கறுப்பு என்றால் எழுத்து. சாம்பல் என்றால் சாலை. சிவப்பு அபாயத்துக்குப் போய்விட்டது. ‘தெரியாது’ என்பதற்கு என்ன நிறம்? உங்களில் யாருக்காவது தெரியுமா? அக்கா எங்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தார். நாங்கள் கேன்டீனில் அதை வைத்துப் பல நாள் சிரித்தோம். கடைசியில் அவர் கேட்க வேண்டியவரைக் கேட்டார்.

அத்தான் தையற்காரர். எந்தத் துணி கொண்டுபோனாலும் அதே நிற நூலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நடுவயதில் அவருக்குப் பார்வை போனது. அக்கா அவரிடம் கேட்டார், இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது என்று. அத்தான் சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார்: “எல்லாரும் கறுப்புன்னு நினைச்சுக்கிறாங்க. கறுப்பு இல்ல. கருநீல நூலை வெயில்ல போட்டு மறந்துட்டா ஒரு நிறம் வருமே, அதுக்கும் அடியில இருக்கு.”

மாலை மாலையாக உட்கார்ந்து இருவரும் அதைக் கலந்தார்கள். திரையில் எந்த நிறமும் மூன்று எண்கள்தான், சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. அக்கா எண்ணை மாற்றுவார், கண்ணை மூடுவார், திறப்பார், மறுபடி மாற்றுவார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கலக்கச் சொன்னவரால் கலந்ததைப் பார்க்க முடியாது. அந்த நிறத்துக்கு அக்கா வைத்த பெயர் ‘மூடின கண்’.

அது வரைபடத்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் அறையில் யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. சென்சார் ஒன்று செத்தால் சின்னதாக ஒரு திட்டு விழும். அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், திட்டு கொஞ்சம் பெரிதானது போல இருக்கும். அளந்து பார்த்தால் அதே அளவுதான். இயக்குநர் ஒருமுறை, இதை மாற்ற முடியாதா, என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். அறையைப் பெருக்கும் அம்மா திட்டு விழுந்த நாட்களில் திரைமேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுத்தான் பெருக்குவார். எனக்கு என்ன பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எந்த நிறத்தைப் பார்த்துக் கண்ணை மூடினாலும் அது போய்விடும். இதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் எதுவும் மாறாது.

அக்காவோ அதைக் கண்டதும் போனை எடுப்பார். எங்கள் கருவிப் பிரிவு மேற்பார்வையாளரை உங்களுக்குத் தெரியும், பேட்டரி என்று பட்டப்பெயரால் கூப்பிட்டால்தான் திரும்புவார். எந்த சென்சார் செத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். இருந்தாலும் அக்கா கேட்க மாட்டார். அந்தத் திட்டுக்கு நேர் கீழே யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுவார். முடிதிருத்துபவர், பேக்கரிக்காரர், பள்ளிக்கூடத்து ஆயா என்று சந்துக்கு ஒருவர் அவருக்குப் பழக்கம். எண் வராத இடத்தில் மனுஷன் இருப்பான், அவனைக் கேள் என்பார். அவர்கள் நலமாக இருக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் பேட்டரிக்கு வண்டி கிடைக்கும். சிவப்பு வந்தால் அபாய மணி அடிப்பது போல இந்த நிறத்துக்கும் ஒரு மணி அடிக்க வேண்டும் என்று பலமுறை எழுதிக் கேட்டார். பேட்டரி தீரும்போதெல்லாம் மணி அடித்தால் வேலை பார்க்க முடியாது என்று நாங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா இறந்த நேரத்தில் வரைபடம் முழுக்க இருண்டுபோனது என்று கேன்டீனில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார். சுத்தப் பொய். அன்று பணியில் இருந்தவன் நான். ஒன்றும் ஆகவில்லை. எல்லாச் சென்சாரும் எண் அனுப்பிக்கொண்டிருந்தது. நடந்தது வேறு. அதை எனக்குச் சொன்னவர் மகள்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அக்காவுக்கு நினைவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. வைத்தியர் கைவிட்டுவிட்டார். இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று கண்ணைத் திறந்திருக்கிறார். யாரையும் தேடவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. வேலையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் எந்தக் குரலில் சொல்வாரோ அந்தக் குரலில் சொல்லியிருக்கிறார்: “தப்பாக் கலந்துட்டேன். இன்னும் கொஞ்சம் பச்சை வேணும்.”

அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கேட்கிறேன், எதைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொன்னார்? எதோடு ஒப்பிட்டார்? எனக்குப் பதில் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் அக்கா சும்மா விடமாட்டார். ஆனால் திருத்தச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடக்கம் முடிந்து வந்ததும் நிறத்தட்டைத் திறந்து பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு திட்டு விழுந்தது, பேட்டரிதான். பெருக்க வந்த அம்மா துணியை எடுத்துக்கொண்டு திரைக்குப் போனார், பார்த்தார், துணியைப் போடாமலே வெளியே போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “இப்பத்தான் நிஜமா இருக்கு” என்றார்.

நான் இன்னும் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்க்கவில்லை. பயம்தான். ஒளிக்க என்ன இருக்கிறது?

அன்பர்களே, நிறத்தக்கா நமக்கு விட்டுச்சென்றது என்ன? அழகான படமா? இல்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படும் கண்ணை விட்டுச்சென்றார். தனக்குத் தெரியாது என்று உரக்கச் சொல்லும் வரைபடத்தை விட்டுச்சென்றார். எத்தனை அலுவலகங்களில் அப்படி ஒரு படம் இருக்கும்? எத்தனை பேர் தங்கள் வேலையில் அப்படி...

என்ன? கடைசி வரிசையில் யார் எழுந்து நிற்பது? நீங்கள் எல்லோரும் ஏன் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

பார்த்துவிட்டேன். அத்தான், உங்களுக்காக மைக்கிலேயே சொல்கிறேன். திரை இப்போதுதான் தன்னைப் புதிதாக வரைந்துகொண்டது. பேக்கரிச் சந்துக்கு மேலே மூடின கண் விழுந்திருக்கிறது. ஒரு சென்சார் அளவு இல்லை. சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இருக்கிறது. சுற்றிலும் காகித நிறம்தான், அமைதியாக. எந்த மணியும் அடிக்கவில்லை. அடிக்காது.

பேட்டரி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள். அவர் சொல்கிறார், அந்த வரிசைக்குப் போன வாரம்தான் எல்லாம் புதிதாகப் போட்டாராம். இது பேட்டரி இல்லை என்கிறார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை.

இந்த அரங்கில் எல்லா விளக்கும் எரிகிறது. பழைய கலவையாக இருந்தால் இந்த வெளிச்சத்தில் அந்த நிறம் திரையோடு திரையாகக் கரைந்திருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் பார்த்திருக்க முடியாது. அந்தக் கொஞ்சம் பச்சைதான் அதைத் தூக்கிக் காட்டுகிறது.

பாப்பா, அம்மாவின் போன் உன்னிடம்தானே இருக்கிறது? பேக்கரிக்காரர் எண்ணைப் போட்டு மேடைக்குக் கொண்டு வா. இங்கே, மைக்குக்குப் பக்கத்தில் பிடி.

மணி போகிறது. எல்லோரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

“அக்கா நம்பர்லேர்ந்து வருதேன்னு எடுக்கவே கை வரல. யாரு பேசுறது?”

“அண்ணே, வரைபட ஆபீஸ்லேர்ந்து பேசறேன். கடையில எல்லாம் சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு. இந்த அடுப்பறைக் கதவுதான் காலையில நல்லா மூடுச்சு, இப்ப மூட மாட்டேங்குது. தூக்கிப் பிடிச்சுத் தள்ளினாலும் நிலையில சேரல.”

“அண்ணே, அடுப்பை அணைச்சிடுங்க. எதையும் எடுக்க வேணாம். சந்துல வீடு வீடாத் தட்டி எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயிடுங்க. நடந்தே போங்க, இப்பவே.”

“அக்காவா சொல்லச் சொன்னாங்க?”

“ஆமாண்ணே. அக்காதான்.”

வைத்துவிட்டார். கேட்டீர்கள் அல்லவா? வீடு நகர்ந்தால்தான் கதவு இப்படி நிலையில் சேராமல் போகும். நிறத்தக்காவின் பணியை என்றென்றும் தொடர்வோம் என்று வாசிக்க ஓர் உறுதிமொழி எழுதி வைத்திருந்தேன். அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பேட்டரி, வண்டிகளை எடுங்கள், வயதானவர்களை ஏற்ற ஆள் வேண்டும். வரைபடப் பிரிவு முழுவதும் அறைக்குப் போங்கள். பக்கத்துச் சந்துகளுக்கும் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுங்கள், பாப்பா எண்களைத் தருவார். இயக்குநர் அவர்களே, தீயணைப்புக்கு நீங்கள் பேசுங்கள், உங்கள் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. கீழ்ச் சந்துப் பெரியவர்களே, பின்வாசல் வழியாக முதலில் நீங்கள். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்க வேண்டிய நேரம் இது. எழுந்தே விட்டோம், அப்படியே நடப்போம்.

அத்தான், நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்களே. என்ன கேட்கிறீர்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள்.

“சரியா வந்திருக்கா?” என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் அத்தான். பார்த்துச் சொல்கிறேன்.

கண்ணை மூடிப் பார்த்தேன் அத்தான். எதுவும் மாறவில்லை. சரியாக வந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி இருக்கிறது, போகலாம்.